கிராபிக்ஸ் கார்டையும் சன்னலையும் பார்த்துவிட்டு மானிட்டர் வாங்குங்கள்

பெரம்பூரில் இருக்கும் என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த கையோடு ஒரு கணினியை அசெம்பிள் செய்துகொண்டான். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு (திரைக்கான படங்களை வரையும் பாகம்), 16 ஜிபி ரேம், நல்ல பவர் சப்ளை என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அதை அவன் இணைத்திருந்தது, அவனுடைய அப்பா வீட்டில் கணக்கு பார்ப்பதற்காக எப்போதோ வாங்கிய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில். கார்டு நொடிக்கு 200 பிரேம்களை, அதாவது படங்களை, வரைந்து தள்ளினாலும் அந்தத் திரை நொடிக்கு அறுபது முறைதான் படத்தை மாற்றும். "மாமா, 240 ஹெர்ட்ஸ்தான் எடுக்கணும், கூட ஆடுற பசங்க எல்லாரும் அதுதான் வச்சிருக்காங்க" என்றான் அவன். அக்காவின் கணக்கு வேறு: "கொஞ்சம் பெருசா ஒண்ணு எடுத்துக் குடுடா, படிக்கிறதுக்கும் ஆகணும், கண்ணும் கெடக் கூடாது." இருவருக்கும் பொதுவாக இருந்தது இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்ற வரம்பு மட்டும்தான். அந்த வரம்புக்குள்ளும் அதற்குச் சற்று வெளியேயும் இருந்த மானிட்டர்களைப் பல நாள் ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டவற்றை, இதே முடிவின் முன் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடையில் மானிட்டரைத்தான் முதலில் காட்டுவார்கள். அதைப் பார்ப்பதற்கு முன் வீட்டிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை மூன்று: எந்த விளையாட்டுகளை அதிகம் ஆடுகிறோம், அவற்றில் நம் கார்டு நொடிக்கு எத்தனை பிரேம் தருகிறது, மானிட்டர் வைக்கப்போகும் அறையில் வெளிச்சம் எப்படி. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் விளம்பரத்தில் வரும் பாதி எண்கள் தாமாகவே விலகிவிடுகின்றன.

மருமகன் கேட்ட 240 ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்குகிறேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் மாறி அடுத்த படம் வர 16.7 மில்லிநொடி ஆகிறது; 144 ஹெர்ட்ஸில் அது 6.9, 180 ஹெர்ட்ஸில் 5.6, 240 ஹெர்ட்ஸில் 4.2, 360 ஹெர்ட்ஸில் 2.8. அறுபதிலிருந்து நூற்றெண்பதுக்குப் போகும்போது ஒவ்வொரு பிரேமிலும் 11 மில்லிநொடி மிச்சமாகிறது; நூற்றெண்பதிலிருந்து இருநூற்று நாற்பதுக்குப் போனால் மிச்சம் 1.4 மட்டுமே. முதல் தாவலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மவுசை இடமும் வலமும் அசைத்தால் திரையில் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடுவதிலேயே அது தெரிந்துவிடும். இரண்டாவது தாவலை உணர்வதற்குப் பழகிய கையும், அதைவிட முக்கியமாக, நொடிக்கு 240 பிரேமை விடாமல் தரும் கார்டும் பிராசஸரும் வேண்டும்.

வேலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்ற சுடும் போட்டிகளில் முன்னது மிக இலகுவானது. நடுத்தரக் கார்டே ஃபுல் எச்டியில் (1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில்) 200 பிரேமுக்கு மேல் தரும். அதே கணினியில் சைபர்பங்க் 2077 போன்ற கனமான கதை விளையாட்டைத் திறந்தால் நூறு பிரேமைத் தொடுவதற்கே அமைப்புகளைக் குறைக்க வேண்டியிருக்கும். எல்டன் ரிங் இன்னொரு எடுத்துக்காட்டு: எத்தனை பெரிய கார்டு போட்டாலும் அது 60 பிரேமுக்கு மேல் ஓடாதபடி அதை உருவாக்கியவர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த விளையாட்டுக்காக ஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பயன்படாது. இணையவழிப் போட்டிகளில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து வேலரண்ட் ஆடுபவர்களுக்கு அருகிலுள்ள சர்வர் மும்பையில் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தகவல் போய்த் திரும்பும் நேரத்தோடு ஒப்பிட்டால் 1.4 மில்லிநொடி மிகச் சிறியது. வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் இழுப்பது, 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைவிட அதிகப் பலன் தரும் என்பது என் திடமான கருத்து.

ஹெர்ட்ஸைவிட நான் உயர்வாக மதிப்பது, கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதியைத்தான். கார்டு ஒரு நொடியில் 97 பிரேமும் அடுத்த நொடியில் 83 பிரேமும் தரும்போது திரை 180 என்று பிடிவாதமாக நின்றால் படம் குறுக்கே கிழிந்ததுபோல் தெரியும். கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா, 2013-இல் இந்த வசதிக்காக ஜி-சிங்க் என்ற பெயரில் தனிச் சில்லு பொருத்திய மானிட்டர்களை அறிவித்தது. திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014-இல் இதே வசதியை அடாப்டிவ் சிங்க் என்று பொதுத் தரமாக்கியது; இன்னொரு கார்டு நிறுவனமான ஏஎம்டி அதை ஃப்ரீசிங்க் என்ற பெயரில் பரப்பியது. 2019 ஜனவரியில் என்விடியாவும் அந்தப் பொதுத் தரத்துக்கு வழிவிட்ட பிறகு, ஃப்ரீசிங்க் என்று எழுதிய மானிட்டரை என்விடியா கார்டோடு வாங்கத் தயங்க வேண்டிய காரணம் பெரும்பாலும் இல்லாமல் போயிற்று. இன்று விளையாட்டுக்கென்று விற்கப்படும் ஏறத்தாழ எல்லா மானிட்டர்களிலும் இது இருக்கிறது. இல்லாத ஒன்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

அடுத்தது அளவும் ரெசல்யூஷனும், அதாவது திரையிலுள்ள பிக்சல்களின் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளின்) எண்ணிக்கையும். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவே கூடாது. ஃபுல் எச்டி திரையில் இருப்பவை சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். கடைக்காரர்கள் 2கே என்று சொல்லும் 2560க்கு 1440 திரையில் 36.9 லட்சம். 4கேயில் 82.9 லட்சம், அதாவது ஃபுல் எச்டியைப்போல் நான்கு மடங்கு. ஒவ்வொரு பிரேமிலும் கார்டு வரைந்து முடிக்க வேண்டிய வேலை இது. 24 அங்குலத்தில் ஃபுல் எச்டி என்றால் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல்கள். அதே ஃபுல் எச்டியை 27 அங்குலத்துக்கு நீட்டினால் 82 ஆகக் குறைகிறது. 27 அங்குல 2கேயில் 109. 32 அங்குல 4கேயில் 138.

82 என்ற எண் எதைக் குறிக்கிறது என்பதை விளையாட்டில் கவனிக்கத் தவறலாம், தமிழ் எழுத்தில் கவனிக்காமல் இருக்க முடியாது. 27 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, வழக்கமான எழுத்தளவில் "இலக்கணம்", "ஞாயிறு" போன்ற சொற்களைப் பார்த்தேன். ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி தலைக்கட்டோடு சேர்ந்து ஒரு சாம்பல் கறையாகத் தெரிந்தது. பக்கத்திலேயே இருந்த 27 அங்குல 2கே திரையில் அதே புள்ளி தனியாக நின்றது. நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் மிகுதி. பாடம் படிப்பதும், வீட்டில் மற்றவர்கள் செய்தி படிப்பதும் அதே திரையில்தான் என்றால், 27 அங்குலத்தில் ஃபுல் எச்டியை எடுப்பது பிழையான சிக்கனம். ஃபுல் எச்டிதான் கட்டுப்படியாகும் என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

4கேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிஎல்எஸ்எஸ் போன்ற தொழில்நுட்பங்கள் வந்த பிறகு கார்டு முழு ரெசல்யூஷனில் வரைய வேண்டிய கட்டாயம் தளர்ந்திருப்பது உண்மை. குவாலிட்டி நிலையில் 4கே படத்துக்கு 1440 வரிகளையும், 2கே படத்துக்கு 960 வரிகளையும் மட்டும் வரைந்து, மீதியைக் கணித்து நிரப்புகிறது. அப்படியிருந்தும் 8 ஜிபி நினைவகம் கொண்ட 4060 கார்டுக்கு 4கே சுமைதான். உயர்ந்த டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) வைத்தால் நினைவகம் நிரம்பி, ஓட்டம் திக்கித் திக்கி நிற்கும். அதே கார்டு 2கேயில் டிஎல்எஸ்எஸ் துணையோடு தாராளமாக ஓடுகிறது. ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய கார்டு வைத்திருப்பவர்கள் 2கேயையும் யோசிக்க வேண்டாம்.

இனி பேனல், அதாவது திரைக்குள் படத்தைக் காட்டும் பலகையின் வகை. முடிவெடுப்பதில் சென்னை வீடுகளுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது இங்கேதான் அதிகம்.

ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்ற மூன்றும்தான் இன்று நம் முன் இருக்கின்றன. பழைய வகையான டிஎன் பேனல்களைப் புதிதாக வாங்குவதற்கு இப்போது காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஐபிஎஸ்ஸில் பொதுவாக ஆயிரத்துக்கு ஒன்று, விஏவில் மூவாயிரத்துக்கு ஒன்று அல்லது அதற்கு மேல். ஓஎல்இடியில் கறுப்பு வேண்டிய இடத்தில் பிக்சலே அணைந்துவிடுவதால் கான்ட்ராஸ்டுக்கு எல்லையே இல்லை. இந்த எண்களை மட்டும் வரிசையாக வைத்தால் ஐபிஎஸ் கடைசியில் நிற்கும். ஆனால் அவை இருட்டறையில் எடுத்த அளவுகள். மருமகனின் அறை பத்துக்குப் பத்து, சன்னல் மேற்கு நோக்கியது, பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் நேராக மேசைமேல் விழுகிறது. அத்தனை வெளிச்சம் திரையின் மேல் படும்போது எந்தப் பேனலின் கறுப்பும் கறுப்பாகத் தெரிவதில்லை. ஆயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வெளிச்சமே விழுங்கிவிடுகிறது. அங்கே பயன்படுபவை 350 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவிலான சீரான வெளிச்சமும், பிரதிபலிக்காத மேட் பூச்சும்தான். ஐபிஎஸ் அதை நடுத்தர விலையில் தருகிறது. விளக்கை அணைத்துவிட்டு இரவில் ஆடினால் ஐபிஎஸ் திரையின் மூலைகளில் மெல்லிய வெளிறிய ஒளி தெரியும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பேய் விளையாட்டுகளை நள்ளிரவில் ஆடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது உறுத்தும்.

விஏவின் குறை வேறு விதமானது. இருண்ட நிறத்திலிருந்து சற்றே வெளிறிய நிறத்துக்கு மாறுவதில் அதன் பிக்சல்கள் மெதுவானவை. இரவுக்காட்சியில் பாத்திரத்தை நிறுத்தி, காமிராவை மட்டும் மெல்லத் திருப்பிப் பாருங்கள்: மரத்தின் அடிப்பாகம் நகர்ந்த வழியெல்லாம் ஈரக் கையால் மையைத் தேய்த்ததுபோல் ஒரு கறுப்பு இழுவை பின்தொடரும். பெட்டியின் மேல் "1 எம்எஸ்", அதாவது ஒரு மில்லிநொடி, என்று எழுதியிருக்கும். அது பெரும்பாலும் பின்விளக்கை விட்டுவிட்டு எரியச்செய்து பெற்ற எம்பிஆர்டி (அசையும் படம் கண்ணுக்கு மங்கித் தெரியும் நேரம்) அளவு, பிக்சல் நிறம் மாறும் வேகம் அன்று. பல மானிட்டர்களில் அந்த வசதியை இயக்கினால் அடாப்டிவ் சிங்க் அணைந்துவிடும். விலையுயர்ந்த சில விஏ மானிட்டர்கள் இந்த இழுவையைப் பெருமளவு சரிசெய்துவிட்டன. ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய் வளைவுத்திரைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. திரைப்படம் பார்ப்பதும் கதை விளையாட்டும் முதன்மை என்றால் விஏ எனக்கு ஏற்புடையதே. சுடும் போட்டிகளே முதன்மை என்பவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓஎல்இடியைப் பற்றிச் சொல்லும்போது, அதன் படத்துக்கு நிகராக மற்ற இரண்டிலும் எதுவும் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிக்சல் மாறும் நேரம் 0.03 மில்லிநொடி என்று குறிப்பிடுகிறார்கள். அசைவில் இழுவையே கிடையாது. 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடியில் வேகமாகத் திரும்பும்போதும் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்க முடிகிறது. நான் விசாரித்தபோது 27 அங்குல 2கே ஓஎல்இடியின் விலை ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. வரம்பு இருபத்தைந்தாயிரம் என்பதால் அது எங்களுக்கு எட்டாதது என்றாலும், பணம் இருந்திருந்தால்கூட அந்த அறைக்கு அதை எடுத்திருக்க மாட்டேன்.

ஏன் என்றால், ஓஎல்இடியில் ஒரு வகையான கியூடி-ஓஎல்இடி பேனல்களில், வெளி வெளிச்சம் பிரதிபலிப்பதைக் குறைக்கும் போலரைசர் அடுக்கு இல்லை. வெளிச்சமான அறையில் அவற்றின் கறுப்பு, சாம்பலும் ஊதாவும் கலந்த நிறமாகத் தெரியும். மேற்குச் சன்னல் உள்ள அறையில் அதன் தலையாய சிறப்பே பகலில் காணாமல் போய்விடுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் வண்ணத் துணைப்பிக்சல்களின் அமைப்பு வழக்கமான சிவப்பு, பச்சை, நீல வரிசையில் இல்லாததால் எழுத்துகளின் ஓரத்தில் மெல்லிய வண்ணக்கரை படிகிறது. 2கே அளவில் தமிழ் எழுத்தின் சுழிகளில் இதை நன்றாகவே பார்க்கலாம், 4கே ஓஎல்இடியில் நெருக்கம் கூடுவதால் அது மறைகிறது. திரையின் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் டாஸ்க்பார், விளையாட்டின் மூலையிலுள்ள வரைபடம் போன்றவை காலப்போக்கில் தடமாகப் படியும் ஆபத்தும் உண்டு.

அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் ஒவ்வோர் ஓஎல்இடி மானிட்டரும், சில மணி நேரப் பயன்பாட்டுக்கு ஒருமுறை, நாம் திரையை அணைத்த பின் தானாகவே ஒரு சீரமைப்பை ஓட்டிக்கொள்கிறது. அது ஓடி முடிய மானிட்டருக்கு மின்சாரம் இருந்தாக வேண்டும். நம் வீடுகளிலோ இரவு படுக்கப்போகும் முன் சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது பிள்ளைப்பருவத்திலிருந்தே ஊட்டப்பட்ட வழக்கம். அக்கா வீட்டிலும் அப்படித்தான். இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுவார். நல்ல பழக்கமே தவிர, ஓஎல்இடி திரைக்கு அது ஆகாது. வாங்குவதாக இருந்தால் அந்த ஒரு சுவிட்சை இரவில் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். தடம் படிதலுக்கு வாரண்டி உண்டா என்பதைக் கடைக்காரரின் வாய்மொழியாக அல்லாமல் வாரண்டி அட்டையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். திரைச்சீலை போட்ட, ஏசி உள்ள தனியறையில் இரவு நேரத்தில் மட்டும் ஆடும் ஒருவருக்கு ஓஎல்இடி தரும் இன்பத்தை நான் மறுக்கவில்லை.

எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள இடைவெளியை விரித்துக் காட்டும் முறை) என்ற முத்திரையைப் பார்த்துக் கூடுதல் பணம் தர வேண்டாம். டிஸ்பிளே எச்டிஆர் 400 என்ற தரத்துக்கு, பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கட்டாயம் இல்லை. அந்த வசதி இல்லாத ஐபிஎஸ்ஸில் எச்டிஆரை இயக்கினால் படம் வெளிறுவதே மிச்சம். வளைவுத்திரை 27 அங்குலத்தில் விருப்பம் சார்ந்தது. 34 அங்குல அகலத்திரையில்தான் அதற்குப் பொருள் உண்டு. அந்த அகலத்திரைகளுக்கு முன்பு 28 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கும் 18 விழுக்காடுதான். எனினும் 49.5 லட்சம் பிக்சல்களை வரையக் கார்டு வேண்டும், மேசையும் வேண்டும். மேசை என்றதும் அளந்து பார்க்க வேண்டியது அகலத்தைவிட ஆழத்தை. 32 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். இரண்டடி ஆழமுள்ள மேசையில் ஸ்டாண்டே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள, திரை முகத்துக்கு அரை மீட்டரில் வந்து நிற்கும். போட்டியின் நடுவே மூலையிலுள்ள வரைபடத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். அக்கா கேட்ட "பெருசு" 27 அங்குலத்தில் நிறைவேறிவிடுகிறது.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களின் கணக்கு சற்று வேறு. அதில் டிஸ்பிளே போர்ட் என்ற இணைப்புவாய் கிடையாது, எச்டிஎம்ஐதான். 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1 இருந்தாக வேண்டும். 2022 செப்டம்பரில் வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப் பின் அது 2கே திரையையும் ஏற்றுக்கொள்கிறது என்பதால், கணினியும் பிளேஸ்டேஷனும் ஒரே திரையில் என்றாலும் 27 அங்குல 2கே தோற்றுப்போவதில்லை.

ஆக எங்கள் பட்டியலில் எஞ்சியவை இரண்டு: 24 அங்குல ஃபுல் எச்டி 240 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ், 27 அங்குல 2கே 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ். முன்னதைவிடப் பின்னதன் விலை சில ஆயிரங்கள் அதிகம், இரண்டும் வரம்புக்குள்தான். மருமகன் போட்டிகளுக்கென்றே பயிற்சி செய்பவனாக இருந்திருந்தால் முன்னதை எடுக்கச் சொல்லியிருப்பேன். சிறிய திரையில் கண் ஓடவேண்டிய தூரம் குறைவு, கார்டும் 240 பிரேமை எட்டும். ஆனால் அவன் வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் வேலரண்ட் ஆடுகிறான், விடுமுறையில் கதை விளையாட்டு, மற்ற நேரமெல்லாம் கோடிங்கும் பாடமும். அந்த வாழ்க்கைக்கு 27 அங்குல 2கேதான் என்று நான் சொன்னதும் முகம் சுருங்கியது. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அவனையே ஆடிப்பார்க்கச் சொன்ன பிறகுதான் அவனாகவே பெரியதைக் கைகாட்டினான்.

வாங்கியது சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்; ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையில் போனோம். இணையத்தில் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்திருக்கும். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, இயக்கிப் பார்த்து வாங்குவதற்காகத்தான் அந்த வேறுபாட்டைக் கொடுத்தேன். ஒன்றிரண்டு பிக்சல் பழுதை வாரண்டியில் ஏற்காத நிறுவனங்கள் உண்டு. ஆகவே பில் போடும் முன் பார்ப்பதுதான் வழி. திரை முழுவதும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களைக் கைப்பேசியில் வைத்திருந்தேன். அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, ஒரு முழம் தள்ளி நின்று நான்கு மூலைகளையும் பார்த்தோம். முதலில் பிரித்த மானிட்டரில் பச்சைப் படத்தின் நடுவே, இடப்பக்கமாக, குண்டூசி முனையளவில் ஒரு கரும்புள்ளி இருந்தது. கடைக்காரர் மறுபேச்சின்றி வேறு பெட்டியைப் பிரித்தார். அது சுத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மருமகன் பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளையே எடுத்துப் புதியதில் செருகினான். அந்த மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் 144 ஹெர்ட்ஸ் வரைதான் தாங்கும். 180 வேண்டும் என்றால் டிஸ்பிளே போர்ட் வழியாகத்தான். பெட்டிக்குள் இருந்த டிஸ்பிளே போர்ட் கேபிளை எடுத்து, கார்டின் பின்புறத்தில் செருகினோம். மதர்போர்டிலுள்ள போர்ட்டில் அல்ல. அப்படியும் விண்டோஸ் தொடக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் என்றே காட்டிக்கொண்டிருந்தது. டிஸ்பிளே அமைப்புகளில் மேம்பட்ட பகுதிக்குப் போய் 180 என்று மாற்றினோம். மானிட்டரின் சொந்த மெனுவில் அடாப்டிவ் சிங்க்கை இயக்கி, ஓவர்டிரைவை (பிக்சல் நிறம் மாறுவதை விரைவுபடுத்தும் அமைப்பை) நடு நிலையில் நிறுத்தினோம். உச்சத்தில் வைத்தால் நகரும் பொருளின் பின்னால் வெள்ளை நிழல் தெரியும். மேசையைச் சுவரோரம் தள்ளி, சன்னல் திரைக்கு எதிரே வராமல் பக்கவாட்டில் வரும்படி திருப்பிப் போட்டபோது மணி மூன்றரை ஆகியிருந்தது. வெயில் மேசையில் விழுந்தது, திரையில் விழவில்லை.